பாதிப் பலகையில் போட்ட மூட்டை

எங்கள் தொழிலில் மூட்டையைக் கீழே போடுவது அசிங்கம். கால் வழுக்கினாலும் மூட்டையோடுதான் விழ வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேனாகச் சேரும் யாருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. வந்த முதல் வாரத்திலேயே தானாகத் தெரிந்துவிடும். நெல்லைக் கொட்டியவன் என்ற பேர் ஒருவனுக்கு வந்துவிட்டால், அது அவன் பிள்ளைக் கல்யாணப் பந்தி வரைக்கும் கூடவே வரும்.

அப்படிப்பட்ட மூட்டையை, லாரிக்குச் சாய்த்து வைத்த பலகையின் பாதியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் போட்டேன். தவறிப்போய்ப் போடவில்லை. தெரிந்தேதான் போட்டேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறவன் நான். டீக்கடையில் கூட்டம் குறைந்த பிறகுதான் போய் டீ கேட்பேன். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை 'ஊமை' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற களத்தில்தான் அறுவடைக் காலத்தில் கொள்முதல் நடக்கும். விவசாயிகள் நெல்லைக் கொண்டுவந்து குவிப்பார்கள். தூற்றி, எடை போட்டு, சாக்கில் பிடித்து, வாயைத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அட்டி போடுவோம். லாரி வந்தால் அட்டியிலிருந்து முதுகில் ஏற்றிப் பலகை வழியாக மேலே கொண்டுபோய் அடுக்குவோம். இந்த வேலையில் உடம்பில் எங்காவது ஒரு வலி இல்லாத ஆள் கிடையாது. எல்லா வலிக்கும் எங்களிடம் ஒரே பேர்தான். பிடிப்பு.

பிடிப்புக்கு வைத்தியமும் எங்களிடமே இருந்தது. வலது தோளில் சுமக்கிறவனுக்கு நெஞ்சில் பிடித்துக்கொண்டால், அடுத்த மூட்டையை அவனுடைய இடது தோளில் ஏற்றிவிடுவோம். எந்தப் பக்கம் நரம்பு சுருண்டதோ, அதற்கு எதிர்ப் பக்கம் பாரம் விழுந்தால் இழுத்துக்கொண்டு நேராகிவிடும் என்பது நம்பிக்கை. பல பேருக்குச் சரியாகவும் ஆகியிருக்கிறது. சரியானவர்களுக்கு வந்தது சதைப் பிடிப்பு. அதுதான் இந்த வைத்தியத்தை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தது.

என் அண்ணனுக்கும் அதைத்தான் செய்தார்கள்.

அண்ணன் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினான். ஒரு நாள் காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறான். எதிர்த் தோளில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு நடந்து போய், அட்டியில் கோணாமல் வைத்துவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தான். அசந்து தூங்குகிறான் என்று நினைத்து, கொஞ்ச நேரம் யாரும் எழுப்பவில்லை. சாவு வீட்டில் ஆண்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள்.

"மூட்டைய கீழ போடாம போனான்யா. அவன் ஆம்பள."

அதைக் கேட்டு அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு எந்தக் களத்துக்கு வேலைக்குப் போனாலும் யாராவது ஒருவர் அந்தக் கதையைச் சொல்வார். அவன் தம்பிதானே நீ என்று என் முதுகில் தட்டுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

போன நவரைப் பட்டத்து அறுவடையில் எனக்கும் அந்த வலி வந்தது. முதலில் பலகை ஏறும்போது மட்டும் வரும். நெஞ்சுக்கு நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. மூட்டையை வைத்துவிட்டு லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போய்விடும். பிறகு ஏரிக்கரை ஏறும்போதும் வர ஆரம்பித்தது. என் மனைவி கவனித்துவிட்டாள்.

"இன்னா, நடுவுல நடுவுல நின்னுக்குற?"

"பிடிப்பு."

"நிக்கும்போது எங்க போவுது அந்தப் பிடிப்பு?"

நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். அவளுக்குச் சர்க்கரை உண்டு. வீடு வீடாக வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிற அம்மா ஒருவர் எங்கள் தெருவுக்கும் வருவார். அவர் வந்தபோது என் மனைவி இதைச் சொல்லிவிட்டாள். நான் அறைக்குள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போகக் கூச்சம். அந்த அம்மா எனக்குக் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்திச் சொன்னார்.

"வேல செய்யும்போது வந்து, நின்னா போற வலி நெஞ்சு சம்பந்தப்பட்டதா இருக்கலாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நின்னும் போகாம வலிச்சா, வேர்த்துக் கொட்டுனா, கை, தாடை, முதுகுன்னு வலி பரவுனா, அப்போ ஒரு அடி கூட நடக்கக் கூடாது. பைக்ல ஏத்தக் கூடாது. உக்கார வெச்சி ஆம்புலன்ஸ் கூப்புடணும். உள்ள இருக்கிறவருக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுட்சி, கேட்டுட்சி. வாயத் தொறக்க மாட்டாரு, காது நல்லாவே கேக்கும்" என்றாள் என் மனைவி.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மழை வரப்போகிறது என்று களத்தில் ஒரே அவசரம். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நெல் கொண்டுவந்து காத்துக் கிடந்தவர்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அதில் திருப்புலிவனத்துப் பெரியவர் ஒருவர். நிலபுலம் உள்ளவர், கோபக்காரர். அவருடைய நெல் அப்போதுதான் மூட்டையாகி, லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

நான் பலகையில் பாதி ஏறியிருந்தேன். வலி வந்தது. நின்றேன். போகவில்லை. மூட்டை என் முதுகில் இல்லாமல் முன்பக்கம் நெஞ்சின்மேல் இருப்பதுபோல் இருந்தது. இடது கை விரல் வரைக்கும் கனத்தது. கீழ்த் தாடையில் பல்வலி மாதிரி ஒரு இழுப்பு. வெயில் மறைந்து காற்று சில்லென்று அடித்தும் உடம்பெல்லாம் வேர்வை. அது வேலை செய்து வருகிற வேர்வை இல்லை. பிசுபிசுப்பாக, குளிர்ந்து இருந்தது.

மேலே இன்னும் நான்கு எட்டு வைத்தால் மூட்டையை இறக்கிவிடலாம். என் அண்ணன் அதைத்தான் செய்தான் என்று தோன்றியது. இரண்டு கையையும் விட்டேன்.

மூட்டை பலகையில் விழுந்து, உருண்டு, தரையில் மோதித் தையல் பிரிந்தது. நெல் சலசலவென்று கொட்டியது. நான் அப்படியே பலகையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கி, கீழே அட்டியில் சாய்ந்துகொண்டேன்.

முதலில் பெரியவர்தான் கத்தினார். "அடப்பாவி! மழ வர்ற நேரத்துல என் நெல்ல மண்ணுல கொட்றியேடா!"

எங்கள் மேஸ்திரி ஓடி வந்தார். வேலையாட்களைச் சேர்த்து நடத்துகிறவர் அவர். கெட்டவர் இல்லை. என்னைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடா ஆச்சி?"

"நெஞ்சு."

"பிடிப்புதான? இதுக்கா போட்ட? எயுந்திரு. எடது பக்கம் ஒன்னு தூக்கு, வுட்டுடும்."

"மாட்டேன்."

"இன்னாது?"

"தூக்க மாட்டேன்."

பின்னால் ஒருவன் சிரித்தான். "டேய், ஊம பேசிட்சிடா! அதான் மழ வருது."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க அண்ணன் மானத்த வாங்காதடா. அவன் வலிய வெச்சிக்கினே தூக்கிக்கினு போனான். ஆம்பள."

"அவன் செத்துட்டான்" என்றேன்.

அத்தனை வருடத்தில் அதை நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. மேஸ்திரி என்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

ஆனால் மற்றவர்கள் விடவில்லை. ஒருவன் ஓடிப்போய் ரோட்டோரக் கடையிலிருந்து உப்புப் போட்ட சோடாவைக் கொண்டுவந்தான். ஏப்பம் வந்தால் வாயு கலைந்துவிடும் என்றான். வாயை மூடிக்கொண்டேன். இன்னொருவன் என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி மிதிக்கலாம் என்றான். அதற்குக் கூட்டத்தில் ஒல்லியான ஒருவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாரானான்.

"மேல கால வெச்சா கடிச்சிடுவேன்" என்றேன்.

"இன்னா நைனா இது, மூச்சு வாங்குது, பேச்சு மட்டும் நீட்டா வருது" என்று அவன் பின்வாங்கினான்.

பிறகு பைக் வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் என்னை உட்காரவைத்து, டவுனில் வாயு ஊசி போடுகிற இடத்துக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். எங்களில் யாருக்கு என்ன வந்தாலும் அப்படித்தான் போவோம். நான் இரண்டு கையாலும் அட்டியின் சாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆம்புலன்ஸ் வரணும். அது வர்ற வரைக்கும் எயுந்திருக்க மாட்டேன். எத்தினி பேரு வந்து இழுத்தாலும் வர மாட்டேன்."

"ரொம்ப பேஜார் பண்றான்பா" என்றான் பைக் வைத்திருந்தவன்.

வேர்வையில் விரல் வழுக்கியதில் போனை அமுக்க முடியவில்லை. சோடா பாட்டிலைத் திரும்ப வாங்க வந்த கடைக்கார பாய் அங்கே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் பாட்டிலை மறந்துவிட்டார்.

"பாய், நீங்க போடுங்க" என்றேன்.

"போட்டுட்டேன்பா, பேசிக்கினே கீறேன். ஆமாங்க, நெஞ்சு வலிங்க. வேர்த்து ஊத்துது. ஏரிக்கர களம். நெல்லு எடுக்கிற எடம்." கேட்டுவிட்டு என்னிடம் குனிந்தார். "ஆடாம அசையாம சாஞ்சி உக்காரச் சொல்றாங்க. வந்துக்கினு கீதாம் வண்டி. சட்ட கிட்ட இருந்தா லூசு பண்ணணுமாம். உனக்குத்தான் சட்டயே இல்லியே."

முதல் தூறல் விழுந்தது. ஆட்கள் எல்லோரும் நெல்லை மூட ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருஷத்து உழைப்பு நனையப்போகிறது. என் பக்கத்தில் பாயும் அந்தப் பெரியவரும் மட்டும் இருந்தார்கள். பெரியவர் திட்டிக்கொண்டேயிருந்தார். "சனியன் புடிச்சவனே, இன்னிக்குப் பாத்தா உனக்கு நெஞ்சு வலிக்கணும்? என் நெல்லு முளச்சா நீ வந்து திம்பியா?" திட்டியபடியே தன் கறுப்புக் குடையை விரித்து என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் தோள் நனைந்துகொண்டிருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உடம்புக்குள்ளே யாரோ கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருவதுபோல இருந்தது. எழுந்து நடந்து காட்டிவிடலாமா என்றும் ஒரு எண்ணம். எல்லோரும் பார்க்கிறார்களே. அந்த எண்ணம் வலியைவிடப் பலமாக இருந்தது. சாக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஆம்புலன்ஸ் வந்ததும் நானே ஏறிக்கொள்கிறேன் என்று வாய் தானாகச் சொன்னது. அதில் வந்தவர் "நீங்க ஏறக் கூடாது" என்று ஸ்ட்ரெச்சரைத் தரையில் வைத்தார். வண்டிக்குள்ளேயே நாடி, பிரஷர் எல்லாம் பார்த்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். களத்தில் வெற்றுடம்போடு திரிகிறவன்தான் நான். ஆனால் அவருக்கு முன்னால் நெஞ்சில் ஒயர்களை ஒட்டியபோது கூசிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். ஈசிஜி எடுத்தார்கள். மேஸ்திரி பைக்கில் பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுல பெருசா எதுவும் தெரியல" என்றார்.

மேஸ்திரி உள்ளே வந்துவிட்டார். "பாத்தியா, நான் சொல்லல? வாயுதான். எயுந்திருடா, லாரி நிக்குது."

நான் டாக்டரைப் பார்த்தேன். அதுவரைக்கும் எந்தப் பெரிய படிப்புப் படித்தவரிடமும் நான் நிமிர்ந்து பேசியதில்லை. "அம்மா, எனக்கு இன்னும் வலிக்குது. மூட்டய எறக்குன பின்னாடியும் போவல. ஒரு வாரமா ஏறும்போது வந்துக்கினு இருந்துச்சி. எங்க அண்ணன் இப்படித்தான் போனான். நான் போவ மாட்டேன்."

"உங்கள யாரு போகச் சொன்னா?" என்றார் அவர். "மொதல் தடவ எடுக்கும்போது சில பேருக்குத் தெரியாது. அதனால இல்லன்னு ஆகிடாது. இப்படியே படுத்திருங்க. கொஞ்ச நேரத்துல திரும்பவும் எடுப்போம், ரத்தமும் பாப்போம்." பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். "நீங்க வெளிய இருங்க. லாரி நிக்கட்டும்."

இரண்டாவது தடவை எடுத்த காகிதம் அவர் கையில் இருக்கும்போதே அறையின் வேகம் மாறியது. நர்சம்மா ஒரு கை மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். கசந்தது. என்னிடம் நேராகவே சொன்னார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் அடைப்பு. சதை செத்துக்கொண்டிருக்கிறது. அடைப்பை எடுக்கிற வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். அங்கே போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

என் மனைவி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். நூறு நாள் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். காலெல்லாம் சேறு. அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தம்மா அன்னிக்கே சொன்னாங்க. கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கினு இருந்தியே, உன்ன..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது எனக்குக் காதில் விழுந்தது. "அடைப்பு எடுத்துட்டு நெஞ்சுல கம்பி வெப்பாங்க, பின்னாடி மூட்ட தூக்க முடியாதும்மா. ஆளு வீணாப்பூடுவான். மாகறல் பக்கம் ஒருத்தரு வாயுக்குக் கஷாயம் குடுக்கிறாரு, ஒரு வாட்டி..."

"அண்ணே," என்றாள் அவள், "அவரு மூட்ட தூக்கலன்னா ஊட்ல குந்தட்டும். குந்தறதுக்கு ஆளு வேணும் எனக்கு."

பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் கம்பி போல ஒன்றை விட்டு, அடைப்பைத் திறந்து, அது மறுபடி மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிச் சுருள் ஒன்றை வைத்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. ரத்தம் மறுபடி ஓடியதும், அத்தனை நேரம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனான். அந்த நிமிடம் எனக்கு யாரையாவது கத்தித் திட்ட வேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை. சும்மா படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது டாக்டர் சொன்னவை எல்லாம் எனக்கு மனப்பாடம். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைகளை ஒரு நாள்கூட நானாக நிறுத்தக் கூடாது. பீடி கூடாது. மெல்ல நடக்க வேண்டும், நாளாக ஆகக் கூட்டிக்கொள்ளலாம். பாரம் தூக்கக் கூடாது. ஊரில் ஆளாளுக்கு வேறு சொன்னார்கள். இத்தனை மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்றார் ஒருவர். ஒரு பீடி ஒன்றும் செய்யாது என்று நீட்டினார் இன்னொருவர். எல்லோருக்கும் நான் ஒரே பதில் வைத்திருந்தேன். "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வா, நிறுத்துறேன்." யாரும் போய்க் கேட்கவில்லை.

அடுத்த கொள்முதலுக்குக் களம் திறந்தபோது நானும் போனேன். தூக்க மாட்டேன், மெஷின் பிடித்து மூட்டை வாயைத் தைக்கிறேன் என்றேன். மேஸ்திரி முனகிக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

"கொட்டுனவனே தைக்கிறான்டோய்" என்று ஒருவன் கத்தினான்.

"ஆமா" என்றேன்.

ஒரு நாள் நாஷ்டா நேரம். புதிதாகச் சேர்ந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, மேஸ்திரி பழைய கதையை எடுத்தார். இதோ இவனுடைய அண்ணன், நெஞ்சு வலியோடு மூட்டையைக் கொண்டுபோய் அட்டியில் வைத்துவிட்டு உயிரை விட்டவன் என்று என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் இருந்த இட்லியை விழுங்கிவிட்டு எழுந்தேன்.

"இனிமே அத்த சொல்லாத" என்றேன். "அவனுக்கு வலிச்சிது. வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னான். நீங்க அல்லாம் மேல ஒரு மூட்டய ஏத்துனீங்க. வேற எதுவும் நடக்கல."

"டேய், நான் அந்த மில்லுலயே இல்லடா" என்றார் மேஸ்திரி.

"களத்துல இருந்தியே. எடது பக்கம் தூக்குன்னு எனக்குச் சொன்னியே."

அவர் தட்டில் கையைக் கழுவினார். கோபம்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கதையை அவர் மறுபடி சொல்லி நான் கேட்கவில்லை. எதிர்த் தோள் வைத்தியம் முழுதாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் இருக்கிற களத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான். யாராவது நெஞ்சைத் தடவினால் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போவேன். வேர்க்கிறதா, கை கனக்கிறதா, தாடை இழுக்கிறதா, நின்றால் போகிறதா என்று கேட்பேன். உட்காரவைப்பேன். இரண்டு பேரை அப்படிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருவனுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷம். இன்னொருவனுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது அவர்களுக்கு இது ஒரு விளையாட்டு. வேலை சலித்துப்போனால் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "அய்யோ அண்ணே" என்று சாய்வான். நான் எழுந்து போவேன். பக்கத்தில் போனதும் அவன் பல்லைக் காட்டுவான். எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். நாடியைப் பிடித்துப் பார்த்து, கேட்கிற கேள்வியை எல்லாம் கேட்டு முடிக்கிற வரைக்கும் அவனை எழுந்திருக்க விட மாட்டேன். ஒருவன் திமிறினான். போனைக் கையில் எடுத்தேன். "வேணாம்ணே, சத்தியமா தமாசுக்குத்தான்" என்று கெஞ்சினான். நான் அவனை விடுகிற வரைக்கும் அவன் லோடை மற்றவர்கள்தான் தூக்கினார்கள். அவர்களுக்கு அது தமாஷாக இல்லை.

நேற்று மேஸ்திரி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தினம் ஏமாத்துறானுங்க. தெரிஞ்சே போய் நிக்கிறியேடா?"

"தெரிஞ்சுதான் போறேன்."

"எத்தினி நாளிக்கி?"

அதற்குள் லாரிப் பக்கத்தில் ஒருவன் நெஞ்சில் கை வைத்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்தானா, வலித்து வைத்தானா என்று அங்கிருந்து தெரியவில்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தேன்.